ஊர் கூடினால் போதுமா?
பேரிடர்க் காலம் பற்றிய நம்பிக்கைகளும் நடந்த உண்மைகளும்

பேரிடர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மழையின் அளவும் காற்றின் வேகமும்தான். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. எண்களைப் பார்த்து மலைத்துப்போகிறோம். ஆனால் ஒரே அலை புகுந்த, ஒரே காற்று அடித்த பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்று ஓரிரு ஆண்டுகளில் எழுந்து நிற்கிறது. மற்றது பல ஆண்டு கழித்தும் தவழ்கிறது. ஒரே ஊருக்குள்ளும் ஒரு தெரு எழுந்துவிட, அடுத்த தெரு விழுந்தபடியே கிடக்கிறது. இந்த வித்தியாசத்தை வானிலை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள், அதில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்தால் கிடைக்கும்.

பருவமழை இன்ன நாளில் வரும், இவ்வளவு பெய்யும் என்று பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு தவறிக்கொண்டே வருகிற காலம் இது. இனி வருவதை ஊராகச் சேர்ந்து எப்படிச் சமாளிப்பது என்று பேச்செடுத்தால் சில நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வந்து குறுக்கே நிற்கின்றன. அவற்றில் சில உயிரையே குடித்திருக்கின்றன. அதனால்தான் நடந்த சம்பவங்களை வைத்து அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

"ஆபத்து வந்தால் ஜனங்கள் பதறி ஓடுவார்கள், கொள்ளையடிப்பார்கள்"

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய்விட்டன. ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படை வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரையும் மழை விட்டுவைக்கவில்லை. இருந்த அரிசி பருப்பைத் திரட்டி, கோயிலில் அடுப்பு மூட்டி, முன்பின் தெரியாதவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் உலகத்தில் எங்கோ ஒரு முறை நடக்கிற அதிசயமாக அதைச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கிய என்ரிகோ குவாரன்டெல்லியும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கணக்கான விபத்துகளையும் வெள்ளங்களையும் நிலநடுக்கங்களையும் நேரில் போய் ஆராய்ந்தவர்கள். சினிமாவில் காட்டுகிற கூட்டப் பீதி நிஜத்தில் மிக அரிது என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. அடிபட்டவர்களே அடுத்தவரைத் தூக்கப் போகிறார்கள். 1995 ஜனவரி 17 விடியற்காலை ஜப்பானின் கோபே நகரத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, கடலையே பார்க்காத ஊர்களுக்குப் போய் இறக்கினார்கள். அவர்கள் மீட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அல்ல, பல்லாயிரக்கணக்கில். 2015-இல் சென்னையிலும் கோட்டூர்புரம் போன்ற இடங்களுக்குப் படகு கொண்டுவந்தவர்களில் நம் கடலோர மீனவர்கள் இருந்தார்கள்.

பீதி என்கிற இந்த நம்பிக்கை ஏன் ஆபத்தானது என்றால், அதிகாரத்தில் இருப்பவர்களும் அதை நம்புகிறார்கள். "இப்போதே சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள்" என்று எச்சரிக்கையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஏரியைத் திறக்கப்போகிறோம் என்பதைக் கடைசி நிமிடம்வரை பூசி மெழுகுகிறார்கள். ஜனங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவிடாமல் வைத்துவிட்டு, பிறகு அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துப் பீதி என்கிறார்கள்.

கோபேயில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த தீயில் நகாதா வட்டாரத்தின் பல தெருக்கள் சாம்பலாயின. அதே வட்டாரத்தில் மானோ என்கிற குடியிருப்பு மட்டும் பெரும்பகுதி தப்பியது. அங்கிருந்தவர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தினார்கள். பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் கைகொடுத்தது. மானோவாசிகள் 1960-களிலிருந்தே தொழிற்சாலைப் புகைக்கு எதிராகச் சேர்ந்து போராடியவர்கள். கூட்டம் போட்டு, குழு அமைத்து, பூங்கா கேட்டு வாங்கியவர்கள். யார் வீட்டில் யார் படுத்த படுக்கை, யார் சொன்னால் யார் கேட்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே அத்துபடி. தீ பிடித்த காலையில் புதிதாக ஓர் அமைப்பு உண்டாக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

"எச்சரிக்கை கிடைத்தால் போதும், தப்பித்துவிடலாம்"

1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். புயல் வருவது தெரிந்தேதான் இருந்தது. வானொலியில் சொன்னார்கள். சொன்னது போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் நம்ப ஆளில்லை. நம்பியவர்களுக்கும் போக இடமில்லை. 1991-இல் வந்த புயல் ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொண்டுபோனது. 2007-இல் சிதர் புயலில் இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். 2020-இல் ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அங்கே உயிரிழப்பு நூறைக்கூடத் தொடவில்லை. அரை நூற்றாண்டில் ஓர் ஏழை நாடு செய்து காட்டியது இது.

எப்படி முடிந்தது? செயற்கைக்கோள் உதவியது, உறுதியான கட்டடங்கள் உதவின, உண்மை. ஆனால் கடைசி மைலைக் கடந்தது 1972-இல் செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டம். இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். புயல் நெருங்க நெருங்க ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுகிறார்கள். சைக்கிளில் கையில் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போகிறார்கள். சொல்லுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் ஜனங்கள் நம்புகிறார்கள்.

அப்படிச் சொல்லியும் ஆரம்பத்தில் பலர் வீட்டைவிட்டு வரவில்லை. ஏனென்று கேட்டபோதுதான் காரணங்கள் வெளியே வந்தன. மாட்டை என்ன செய்வது? ஆம்பளைகளோடு ஒரே கூடத்தில் பெண்கள் எப்படி ராத்தங்குவது? கழிப்பறை எங்கே? வீட்டைப் பூட்டாமல் போனால் சாமான் இருக்குமா? இதற்கு விடையாகத்தான் கால்நடைகளை ஏற்றிவைக்க உயரமான மண்மேடுகளும், புயல் பாதுகாப்பு மையங்களில் பெண்களுக்குத் தனி அறைகளும் வந்தன. நம் ஊரிலும் இதே கதைதான். இரண்டு ஆடு மட்டுமே சொத்தாக இருக்கிற ஒரு கிழவியிடம் போய் "உயிர் முக்கியமா, ஆடு முக்கியமா" என்று அதட்டுகிற அதிகாரி அவரை அழைத்துவர முடியாது. "ஆயா, ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வாங்க, அங்க கட்டுறதுக்கு எடம் இருக்கு" என்று சொல்லத் தெரிந்த பையன் அழைத்துவந்துவிடுவான். அப்படிச் சொல்வதற்கு உண்மையிலேயே இடம் இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கி, நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் நமக்கு வீணாகப் போனது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அதே காலையில் புதுச்சேரி அருகே நல்லவாடு என்கிற மீனவ கிராமத்தில் ஏறத்தாழ 3,600 பேர் தப்பினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராமத் தகவல் மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். அன்றாடம் அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் சொல்லி வந்த அதே ஒலிபெருக்கி. அதில் வருவதைக் கேட்டு நடக்கும் பழக்கம் ஊருக்கு முன்பே இருந்தது.

இதற்கு நேரெதிர் 2017-இன் ஒக்கி. நவம்பர் கடைசியில் அது குமரிக் கடலில் திடீரென வலுத்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் தென் கேரளத்திலிருந்தும் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்ட வழியே இல்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. கரையை மட்டுமே நினைத்துச் செய்த ஏற்பாடு கடலில் இருந்தவனைக் கைவிட்டது.

"ஊர் ஒற்றுமையாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது"

இந்த நம்பிக்கையைத் தொடும்போது பலருக்குக் கோபம் வரும். எனக்கும் ஊர் ஒற்றுமையில் நம்பிக்கை உண்டு. இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் 1923 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய தோக்கியோ, 1995-இன் கோபே, 2004-இன் தமிழ்நாட்டுக் கடற்கரை, கத்ரீனா புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ் என நான்கு இடங்களை ஒப்பிட்டு 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். சேதத்தின் அளவையும் வந்த பணத்தின் அளவையும்விட, மக்களுக்குள் இருந்த தொடர்பும் வெளியுலகோடு அவர்களுக்கு இருந்த தொடர்பும்தான் மீட்சியை முடிவு செய்கின்றன என்பது அவர் முடிவு. நாகப்பட்டினம் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவ ஊர்களுக்கு நிவாரணம் வேகமாக வந்தது. கலெக்டரிடம் யார் பேசுவது, தொண்டு நிறுவனத்துக்குப் பட்டியல் யார் தருவது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. வந்த பொருளை ஊர்ப் பொதுவில் வைத்து, எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்ட ஊர்கள் பல. ஒரு வீட்டுக்குக் கூடுதல், ஒரு வீட்டுக்கு இல்லை என்கிற பேச்சே அங்கே எழவில்லை. இது பெரிய விஷயம். காலங்காலமாகக் கடலில் பங்கு பிரித்துப் பழகியவர்களின் நேர்மை அது.

ஆனால் "எல்லா வீடு" என்பது எந்தெந்த வீடு? ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கில் ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் ஊருக்கு வரி கட்டுகிற, கல்யாணமான மீனவ ஆண். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கும் விதவை அந்தக் கணக்கில் முழு ஆளாக வரவில்லை. மீன் இறக்கிக் கூலி வாங்கிய, உப்பளத்தில் வேலை பார்த்த, உப்புத் தண்ணீர் புகுந்த வயலில் கூலிக்குப் போன தலித் குடும்பங்கள் வரவில்லை. உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் வரவில்லை. அவர்களுக்கும் வீடு போயிற்று, வேலை போயிற்று. படகு வைத்திருந்தவருக்குப் படகு கிடைத்தது. படகை நம்பிப் பிழைத்தவருக்கு என்ன கிடைத்தது? ஆல்ட்ரிச் இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மீனவ ஊரை வேகமாகத் தூக்கி நிறுத்திய அதே கட்டுக்கோப்புதான் பெண்களையும் தலித்துகளையும் வெளியாட்களையும் வரிசைக்கு வெளியே நிறுத்தியது.

சாவிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தது. ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் எடுத்துக்காட்டிய கணக்கின்படி, கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. நாகப்பட்டினத்தில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. கடலுக்குப் போன ஆண்கள் ஆழத்தில் இருந்தார்கள். அங்கே அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். ஆண் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவில்லை. ஓடும்போது இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. ஈரமான சேலை காலைச் சுற்றிக்கொண்டது. நீச்சல் தெரிந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பெண் பிள்ளைக்கு எதற்கு நீச்சல் என்று சாதாரண நாளில் எடுத்த முடிவு அன்று உயிரை வாங்கியது.

ஆகவே ஓர் ஊர் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க அதன் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பயனில்லை. ஊரின் கடைசித் தெருவுக்குப் போய், அங்கே இருக்கிற பெண்ணிடம் "புயல் வந்தால் உங்களுக்கு முதலில் யார் வந்து சொல்வார்கள்" என்று கேட்க வேண்டும். அவருக்கு ஒரு பெயர் சொல்லத் தெரிந்தால் அந்த ஊர் தாங்கும்.

"என் வீட்டை நான் பார்த்துக்கொண்டால் போதும்"

இன்வெர்ட்டர், மாடியில் தண்ணீர்த் தொட்டி, ஒரு மாத மளிகை. நகரத்தில் இதுதான் தயார்நிலை என்று நினைக்கிறோம். வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை வீசியபோது வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், கதவும் சன்னலும் சாத்திய அறைக்குள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள். வடக்கு லாண்டேலில் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 40. தெற்கு லாண்டேலில் 4. தெற்கில் கடைத்தெரு கலகலவென்று இருந்தது. கிழவர்கள் வெளியே வந்தார்கள், வராவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டினார்கள். வடக்கில் கடைகள் மூடிக் கிடந்தன, தெருவில் இறங்கவே பயந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் அடுக்குமாடியில் தனியாக என்றாகிவிட்ட சென்னையும் கோவையும் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

"முன்னோர் முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும்"

இதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக வெட்டியவர்கள் நிலத்தின் சாய்வை நுணுக்கமாக அறிந்தவர்கள். வரத்துக்கால் தூர்ந்து, கலங்கல் உடைந்து, ஏரிக்குள்ளேயே பட்டா போட்டு வீடு கட்டியதன் விலையை 2015-இல் கொடுத்தோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்ததைச் சொல்கின்றன. பெருமைதான்.

அதே கல்வெட்டு, வாரியத்தில் இருக்கத் தகுதி யாருக்கு என்பதையும் சொல்கிறது: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. ஏரியைத் தூர்வாரியவர்களுக்கு அதில் இடமில்லை. குடிமராமத்து என்று நாம் உருகிப் பேசும் ஏரிப் பராமரிப்பு வேலைக்கு ஆள் வராதபோது, ஆங்கிலேய அரசு 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், அந்தப் பழைய நீர் நிர்வாகம் ஜமீன் அதிகாரத்தோடும் சாதியோடும் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார். மடையைத் திறக்கவும் அடைக்கவும் கரையில் ராக்காவல் கிடக்கவும் ஆள் கீழ்த்தெருவிலிருந்து. தண்ணீர் முதலில் பாய்ந்தது மேல்தெரு வயலுக்கு. 1876-78 பஞ்சத்தில் இத்தனை ஏரிகளும் இருந்தும் லட்சக்கணக்கானோர் பசியில் செத்தார்கள்.

ஏரியை மீட்டெடுக்க வேண்டும், சந்தேகமில்லை. பழைய வாரியத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டியதில்லை. பழைய அறிவில் எது எடுக்கத்தக்கது என்பதற்கு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு ஒரு நல்ல சான்று. 1907-இல் அங்கே ஆழிப்பேரலை வந்து பெருஞ்சேதம் விளைந்தது. தப்பித்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்தார்கள். 2004-இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த அந்தத் தீவில் சில நிமிடங்களில் அலை வந்தது. 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அந்தத் தாலாட்டு எல்லா வீட்டுக் குழந்தைக்கும் பாடப்பட்டது. நமக்கு 1964 புயலில் தனுஷ்கோடி ஒரு ரயிலோடு சேர்ந்து போனது. பாம்பனுக்கு அப்பால் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று அந்த இரவைப் பற்றித் தெரியும்?

"நம் ஜனங்கள் எதையும் தாங்குவார்கள்"

எனக்கு மிகவும் வலிக்கிற நம்பிக்கை இதுதான். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மக்களின் மனஉறுதியைப் போற்றிக் கட்டுரைகள் வருகின்றன. போற்றுவதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80,000 பேரை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிர்கள் பெருமளவு காப்பாற்றப்பட்டன. அதற்காக அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் குடிதண்ணீர் இல்லை. சில நாட்களில் ஜனங்கள் சாலைக்கு வந்து மறித்தார்கள்.

தென்னை நெட்டை ரகம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வராததால்தான் பலர் நெல்லைவிட்டுத் தென்னைக்கு மாறியிருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, எல்லாவற்றுக்கும் அந்த மரங்களை நம்பிக் கடன் வாங்கியிருந்தார்கள். தென்னைக்குக் காப்பீடு செய்திருந்தவர்கள் மிகச் சிலர். மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. அடுத்த ஆறு ஆண்டு அடுப்பெரிய அது போதாது. இவர்களிடம் போய் மனஉறுதி பற்றிப் பேசுவது எப்படி? ஒரே பயிரை நம்பாமல் இருக்க வழி, கட்டக்கூடிய தவணையில் காப்பீடு, இழப்பு ஆண்டில் கடனைத் தள்ளிவைக்கும் வங்கி: ஊர் தாங்குவதற்கு இவை வேண்டும். இவற்றை ஊர் தானாகச் செய்துகொள்ள முடியாது. மக்கள் ஒருவருக்கொருவர் உதவுவதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ இடம் கொடுக்கக் கூடாது.

உதவி என்ற பெயரில் நாம் செய்வதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். 2004-இல் நாகைப் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்தது. கிழிந்த சட்டை, சாயம் போன சேலை, யாருக்கும் பொருந்தாத உடைகள். முதல் நாள்வரை தன் உழைப்பில் பிழைத்தவர்கள் அவற்றைத் தொடவில்லை. மழையில் நனைந்து அப்படியே மக்கிப்போயின. அங்கே என்ன வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்காமல் செய்ததன் பெரிய உதாரணம் சென்னையில் இருக்கிறது. 2015-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களைப் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகே இருக்கிற தாழ்வான பகுதி. மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வீட்டு வேலைக்குப் போன வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் வெகுதூரமாகிவிட்டன. எதிர்வீட்டுக்காரர் வேறு பிளாக்குக்குப் போய்விட்டார். அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்று கொடுத்த அக்கா எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. தண்ணீரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அடுத்த முறை அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அக்கம்பக்கத்தைக் கலைத்துப்போட்டோம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வருவது அக்டோபர் 2. அன்று தவறாமல் போங்கள். நகரத்தில் இருந்தால் உங்கள் வார்டின் பகுதி சபைக்குப் போங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் ஊர் பேரிடர் மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம்? நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார், அவர்களை யார் தூக்கிவருவார்கள்? ஆடு மாடுகளுக்கு இடம் எங்கே? இந்தப் பட்டியலை எழுதிய கூட்டத்தில் எல்லாத் தெருவிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்களா? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள்.